பள்ளத்துக்குள் ஒரு வரவேற்பறை

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த மரச்சாமான் கடைக்குக் கீழே ஓர் அறை இருந்தது. அதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. அந்த மனையில் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துப் பெரும் பள்ளமாக விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தூர்க்க வேண்டுமானால் வண்டி வண்டியாக மண் வேண்டும். மண்ணை விற்ற ஊரிலேயே மண்ணை விலைக்கு வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. பள்ளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே தளம் போட்டு, தளத்தின் மேல் கடையைக் கட்டி, கீழே இறங்கப் படியும் வைத்துவிட்டார். கேட்டவர்களிடம், "மவுண்ட் ரோட்லயே ஒண்ணு ரெண்டு கடைலதான் அண்டர்கிரவுண்டு கீது" என்று சொல்லிக்கொண்டார். ஊர்க்காரர்கள் அதைப் பள்ளம் என்றுதான் சொன்னார்கள். கடைக்கும் பள்ளத்துக்கடை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளுயர எழுத்தில் பலகை எழுதி மாட்டியும் அந்தப் பெயர் போகவில்லை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. தொழிற்பேட்டையில் புதிது புதிதாக ஆலைகள் வந்துகொண்டிருந்தன. ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சாப்பாட்டுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மாதச் சம்பளம் என்ற பழக்கம் ஒருவனுக்கு வந்துவிட்டால் அடுத்தது மனை, அதற்கடுத்தது வீடு, அதற்கடுத்தது நாற்காலி என்பது முதலாளியின் சித்தாந்தம். அதுவரை அவர் பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து பணம் வருவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்த பையன் தேறி வேலைக்கே போய்விடுவான். அதனால் இனி குடும்பங்களுக்கு விற்பது என்று முடிவு செய்தார்.

நான் அந்தக் கடையில் ரைட்டர். தட்டச்சு செய்வது, பில் போடுவது, பெஞ்சு வாங்கிய தலைமையாசிரியர்களுக்கு மரியாதை குறையாமல் மிரட்டல் கடிதம் எழுதுவது என் வேலை. ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது படிப்பவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அவனை எதையாவது செய்யச் சொல்லும் வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஆபத்தில்லை.

என் கெட்ட நேரம், மூர் மார்க்கெட்டில் எடைக்கு வந்த ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையை வாங்கிவந்து கடையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுப்பக்கம் முழுக்க ஒரு படம். வீட்டுக்குக் கீழே, தரைக்கு அடியில், விசாலமான ஒரு ஹால். அப்பா சுங்கான் பிடிக்கிறார். அம்மா கம்பளி பின்னுகிறாள். இரண்டு குழந்தைகள் தரைவிரிப்பில் குப்புறப் படுத்து விளையாடுகின்றன. நால்வரும் எதற்கோ சிரிக்கிறார்கள். முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே இது, ஊடா, சினிமா செட்டா?"

"வீடுதான் முதலாளி. வீட்டுக்குக் கீழயே இப்படி ஒரு ரூம் வச்சுக்கறாங்க. சாயங்காலம் ஆனா குடும்பமே அங்கதான் இருக்கும்."

"மேல ஊட்ட கட்டிக்கினு கீழ போயி குந்துவானா?"

"ஆமா."

"ஏன், மேல ஒழுவுதா?"

சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பள்ளத்துப் படியைப் பார்த்தார். அந்த நிமிஷமே நான் பத்திரிகையை மூடியிருக்க வேண்டும்.

"நம்ம பள்ளத்துல இத்த அப்டியே செஞ்சுடு. சோபா, டீப்பாயி, ஷோகேஸு அல்லாம் வெச்சு, ஊட்டு ஹாலு மாரியே இருக்கணும். புள்ளகுட்டியோட வந்து பாக்கறவன், இது நம்ம ஊட்ல இருந்தா எப்டி இருக்கும்னு நெனக்கணும்."

"முதலாளி, நான் ரைட்டர்."

"அதான் படிக்கிறியே."

அதோடு விடவில்லை. செங்குன்றத்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் அந்தப் பள்ளத்தை மூட்டை அடுக்க வாடகைக்குக் கேட்டுக்கொண்டு மாதா மாதம் வந்து போய்க்கொண்டிருந்தார். அதை மனதில் வைத்து முதலாளி தீர்ப்புச் சொன்னார். ஆவணி முடிவதற்குள் ஒரு சோபா செட்டாவது பள்ளத்திலிருந்து படியேறி வெளியே போக வேண்டும். போனால் நான் ஷோரூம் மேனேஜர். போகாவிட்டால் பள்ளம் மண்டிக்காரருக்கு, நான் பூந்தமல்லி வாடிக்கு.

பூந்தமல்லியில் இருந்தது முதலாளியின் மரவாடி. லாரியில் வந்து இறங்கும் மரங்களுக்குத் தாரில் எண் போட வேண்டும். முன்பு அங்கே போன கணக்குப்பிள்ளை ஒருவர் இருமிக்கொண்டும் தாடையில் தாரோடும்தான் வீடு திரும்புவார். அவர் மனைவி தாரைத் துடைக்க மண்ணெண்ணெயோடு வாசலில் காத்திருப்பாள் என்று கேள்வி. எனக்கு அப்போது திருநின்றவூரில் வாடகை வீடு. மேனேஜர் என்ற சொல்லை நான் இரவு சோற்றுக்கு முன் வீட்டில் சொன்னேன். சோறு முடிவதற்குள் என் மனைவி அதைத் தெருவில் சொல்லியிருந்தாள். அடுத்த நாள் ரயிலில், எனக்கு முகம் மட்டுமே தெரிந்த ஒருவர், "மேனேஜர் சார், இப்படி உக்காருங்க" என்று ஜன்னலோரம் இடம் கொடுத்தார். இனி பூந்தமல்லிக்குப் போனால் ரயிலை விட்டு பஸ்ஸில்தான் போக வேண்டும், இவர் முகத்தில் விழிக்க வேண்டியிருக்காது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

வேலையை ஆரம்பித்தேன். படத்தில் அந்த ஹாலின் நடுச்சுவரில் கணப்பு அடுப்பு இருந்தது. அதைச் சுற்றித்தான் குடும்பமே உட்கார்ந்திருந்தது. நம் ஊருக்கும் அந்த மாதிரி ஏதாவது நடுநாயகமாக வேண்டுமே என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அடுப்பையா? ஹால்லயா?"

"குளிர் காய."

"அம்பத்தூர்ல?"

அடுப்பு போயிற்று. அடுத்து ஜன்னல். பள்ளத்துக்கு ஜன்னல் ஏது? ஆனால் ஜன்னல் இல்லாத ஹால் ஹாலாகத் தெரியாது, கிடங்காகத்தான் தெரியும். ஆகவே சுவரில் சட்டம் அடித்து, பெயர்ப்பலகை எழுதும் ஆளைக் கொண்டு அதற்குள் தென்னந்தோப்பும் ஏரியும் வரையச் சொல்லி, மேலே திரை கட்டினேன். திரை அசையவில்லை என்றால் பொய் தெரிந்துவிடுமே என்று சட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மின்விசிறியை ஒளித்து வைத்தேன். மெரூன் ரெக்ஸின் போட்ட சோபா, கண்ணாடி பதித்த டீப்பாய், தஞ்சாவூர் பொம்மை ஆடும் ஷோகேஸ், ரேடியோ மேசை, குழந்தைகளுக்கென்று குட்டி நாற்காலி இரண்டு. எல்லாவற்றிலும் நூல் கட்டி, என் கையால் மணிமணியாக எழுதிய விலைச்சீட்டு. நானே ஒரு மூலையில் நின்று பார்த்தேன். படத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. சுங்கான் ஒன்றுதான் குறை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி துணியில் சுற்றிய ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்தார். அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் படம். பெரியவர் பூந்தமல்லி ரோட்டில் மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்ய ஆரம்பித்து, பிறகு பெஞ்சுக்கு வந்தவர். முண்டாசு, மீசை, யாரையும் நம்பாத பார்வை.

"குடும்ப ரூமுன்னு சொன்னியே. பெரியவரு இல்லாத குடும்பம் இன்னா குடும்பம்?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை. கணப்பு அடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில், படியில் இறங்குகிறவர்களின் கண் முதலில் விழும் இடத்தில், பெரியவர் ஏறினார். முதலாளி சந்தனச் சீவல் மாலை போட்டார். கீழே ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஊதுவத்தி ஏற்றிவைத்து, கையைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார். பள்ளத்தில் புகை வெளியேற வழி கிடையாது. சாயங்காலம் வரை அங்கேயே சுற்றும்.

திறந்தது ஆடி மாதம். ஆடியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. புதுசாகக் கல்யாணமானவர்களையே பிரித்து வைக்கிற மாதத்தில் கட்டிலும் சோபாவும் எப்படி விற்கும்? ஆவணி பிறந்தது. குடும்பங்கள் வர ஆரம்பித்தன. ஆவடியிலிருந்து, பட்டாபிராமிலிருந்து, ஐயப்பன்தாங்கலிலிருந்துகூட வந்தார்கள். பள்ளத்துக்கடையில் ஏதோ காட்டுகிறார்கள் என்ற செய்தி பரவியிருந்தது. மேலே கடையில் நுழையும்போது சந்தைக்கடை மாதிரி பேசிக்கொண்டுதான் வருவார்கள். படியில் இறங்கும்போது சத்தம் குறையும். பாதிப் படியில் அடங்கிவிடும். கீழே வந்ததும் சற்று நின்று பார்ப்பார்கள். பிறகு முன்னால் வந்தவர் திரும்பி மேலே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றுவார்கள். பெண்கள் தரையில் உட்காருவார்கள்.

"அம்மா, சோபால உக்காருங்க. உக்காந்து பாக்கத்தான் போட்டிருக்கோம்."

"பரவால்ல சார். இருக்கட்டும்."

ஆண்கள் சோபாவின் விளிம்பில், எழுந்துவிடத் தயாராக உட்காருவார்கள். குழந்தை ஏதாவது குட்டி நாற்காலிப் பக்கம் போனால் கையைப் பிடித்து இழுத்து மடியில் அமுக்கிக்கொள்வார்கள். நான் என் செலவில் கலர் சோடா வரவழைத்து வைத்திருந்தேன். ஒருவரும் தொடவில்லை. "வேணாம் சார், இப்பத்தான் குடிச்சோம்" என்பார்கள். யாரும் விலை கேட்கவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். கொஞ்ச நேரம் பெரியவரின் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு எழுந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போய்விடுவார்கள்.

எனக்கு இது பெரிய மனக்கஷ்டமாகப் போயிற்று. வாங்கவில்லை என்றால் போகட்டும், போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் கடைகளுக்குப் போகிறவன்தான். ஒரு குண்டூசிகூட வாங்காமல் துணிக்கடையையே புரட்டிப் போட்டுவிட்டு, "அப்புறம் வரோம்" என்று வாய் நிறையப் பொய் சொல்லிவிட்டுத்தான் வருவேன். அந்தப் பொய்க்குக்கூட நான் தகுதியில்லாதவனா? மேனேஜர் என்ற முறையில் அல்ல, மனிதன் என்ற முறையில் கேட்டுக்கொண்டேன்.

குறை அறையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, திரும்பத் திரும்ப மாற்றினேன். வெளிச்சம் போதவில்லையோ என்று டியூப் லைட் போட்டேன். டியூப் லைட் கண்ணைக் கூசுகிறதோ என்று மஞ்சள் பல்பு போட்டேன். பச்சைத் திரையை நீலத் திரையாக்கினேன். சோபாவைச் சுவரோரம் தள்ளினேன். அதற்கடுத்த நாள், அப்படித் தள்ளியதால் நடுவில் நிறைய இடம் விழுந்து ஜனங்கள் இன்னும் வசதியாகத் தரையில் உட்கார்ந்தார்கள். கொரட்டூரிலிருந்து வந்த ஒரு கிழவர் சத்தமில்லாமல் எழுந்துபோய், அசையும் திரையை விலக்கி, என் தென்னந்தோப்பின் மேல் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"ஐயா, அது சுவரு" என்றேன்.

"காத்து வந்துதே" என்றார் அவர். எச்சில் ஏரியைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. ஜன்னல் மாதிரி ஜன்னல் செய்ததில் அந்த ஒருவராவது ஏமாந்தார் என்று திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலாளி தினமும் மாலையில் படியின் மேலே நின்று, "ஏதுனா போச்சா?" என்பார்.

"வந்தாங்க, பாத்தாங்க."

"பாக்கறதுக்கு இன்னா, மிருகக்காட்சி சாலையா? பூந்தமல்லில மழைக்கு முன்ன ஒரு லோடு எறங்குது, ரைட்டரே."

ஆவணி பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கிளம்பி வந்தாள். தெருவில் சொல்லியாகிவிட்டதே, அந்த ஷோரூம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? படியின் மேலே ஏற்கெனவே யாரோ விட்டிருந்த செருப்புக் குவியலைப் பார்த்தாள். தன் செருப்பையும் கழற்றினாள். இறங்கினாள். கீழே ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்திருந்தது. என் மனைவி பெரியவரை ஒரு பார்வை பார்த்தாள், புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள், அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலரைக் கொடுத்தேன். வேண்டாம் என்று கையசைத்தாள். சற்று நேரம் கழித்து எழுந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள். கட்டின மனைவி.

பின்னாலேயே ஓடினேன். தெருவில்தான் பிடிக்க முடிந்தது.

"என்ன, நீயும் ஒண்ணும் சொல்லாம போறே?"

"அந்த மாதிரி எடத்துல போயிட்டு வரேன்னு சொல்லுவாங்களாங்க?" என்றாள். "முதலாளி ஊட்ல யாரு தவறிட்டாங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க. பூ வெச்சுகினு வந்துட்டேன்."

"யாரும் தவறல. அது ஷோரூம்."

அவள் புத்தி குறைந்தவர்களிடம் பேசும் மெதுவான குரலில் சொன்னாள். "மாலை போட்ட படம். செவப்பு லைட்டு. ஊதுவத்தி. நீங்க கையக் கட்டிகினு வாசப்படியாண்ட நிக்கிறீங்க, முகத்த தொங்கப் போட்டுகினு. உள்ள இருந்த அம்மா எங்கிட்ட கேக்குது, பாவம், ஆம்பள போனதும் குடும்பம் நொடிஞ்சு போச்சு போல, சோபா நாற்காலியெல்லாம் வெல சீட்டு கட்டி வித்துகினு இருக்காங்களேன்னு. கஷ்டப்படற ஊட்டு சாமான யாருங்க வாங்குவாங்க? வாங்கினாலும் ஊட்ல வெக்க முடியுமா?"

நான் திரும்பிக் கடைக்குள் வந்தேன். கடை முகப்பில் எப்போதும் ஒரு மேசைக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பாலிஷ்காரரிடம், "ஜனங்க உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்களே. எப்டி தவறினாருன்னு கேட்டாங்க. நெஞ்சு வலின்னு சொன்னேன்."

"ஏன்யா சொன்னே?"

"பொய்யா சொல்ல முடியும், அண்ணாத்தே? பெரியவரு சமாச்சாரம்."

ஆக, நான் விளக்கை மாற்றி, திரையை மாற்றி, ஒரு துக்க வீட்டை மேலும் மேலும் களையாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஜனங்கள் என்னிடம் அவமரியாதையாக நடந்துகொள்ளவில்லை. அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

இப்போது பெரியவரைக் கீழே இறக்க வேண்டும். மகனிடம் போய், உங்கள் அப்பாவால்தான் வியாபாரம் படுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? திருநின்றவூர் வரைக்கும் ரயிலில் யோசித்தேன். திரும்பி வரும்போதும் யோசித்தேன். மாலையை மட்டும் எடுக்கலாமா? போட்ட மாலையை எடுத்தால் பெரியவர் உயிரோடு வந்துவிட்டார் என்றா அர்த்தம்? மகன் என்னை அடிப்பார் என்றுதான் அர்த்தம். காலையில் முதலாளி ஊதுவத்தி ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"முதலாளி, ஒரு சமாச்சாரம். பெரியவரை நாம கீழ வச்சிருக்கோம்."

"ஆமா."

"கடையை உண்டாக்கினவரு."

"ஆமா, அதுக்கு இன்னா?"

"மேல கடை. வர்றவன் போறவனெல்லாம் செருப்புக் காலோட நடக்கறான். சரியா இவரு தலைக்கு மேல."

முதலாளி நிமிர்ந்து தளத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேலே யாரோ ஒரு பீரோவை நகர்த்தினார்கள். கரகரவென்று சத்தம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் போயிற்று. அவர் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"எங்க நைனாவ இத்தினி நாளா மெதிக்க வுட்டுக்கினு இருந்தியா?"

"நானா?"

"நீதானே இந்த ரூமப் போட்டது?"

எதிர்த்துப் பேசினால் பெரியவர் அங்கேயே இருந்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பெரியவர் மாலையோடும் பல்போடும் ஊதுவத்தித் தட்டோடும் மேலே கல்லாவுக்கு நேர் மேலே ஏறிவிட்டார். மற்ற கடைகளில் இருக்கிற மாதிரியே, அங்கே அவர் கடையை உண்டாக்கியவராகத் தெரிந்தார். பாலிஷ்காரரிடம் மட்டும், "யாராவது கேட்டா எங்க முதலாளியோட அப்பான்னு சொல்லு, போதும். நெஞ்சு வலி வேணாம்" என்று சொல்லிவைத்தேன்.

அன்று மத்தியானம் முதலாளி மறுபடி இறங்கிவந்தார். அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தகப்பன் எதிரில் நாற்காலியில் உட்காராத பழக்கம் படத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது. சாய்ந்தார். ஒரு கையை எடுத்துப் பின்னால் போட்டார்.

"நல்லா கீதே" என்றார். அவருடைய பட்டறையில் செய்த சோபாதான் அது. பிறகு வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். அந்த நேரம் வந்த ஒரு குடும்பத்திடம், "இது மாதிரி தூக்கம் வரும்" என்று காட்டினேன்.

கடைசி வாரம் பள்ளம் சந்தைக்கடை ஆயிற்று. செருப்போடு இறங்கினார்கள். பிள்ளைகள் சோபாவில் எகிறிக் குதித்தன. ஷோகேஸ் பொம்மையின் தலையை ஒரு சிறுமி கழற்றிக்கொண்டு போய்விட்டாள். "இந்த வெலையா? பகல் கொள்ளையா கீது" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கலர் சோடா இறக்க இறக்கக் காலியானது. எல்லோரும் வாய் நிறைய, "யோசன பண்ணிட்டு வரோம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அந்தப் பொய்யைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்தேன். ஆனால் செட்டு மட்டும் படியேறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களும் வாங்கவில்லை, கொள்ளை என்றவர்களும் வாங்கவில்லை. ஆவணியின் கடைசி நாள் வந்தது. பூந்தமல்லிக்குக் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் முதலாளியின் மனைவி வந்தார். சோபாவில் தூங்கிய கதையை முதலாளி வீட்டில் சொல்லியிருக்கிறார். எந்தச் சோபா என்று பார்க்க வந்திருந்தார் அம்மா. பருமனான உடம்பு. படியை ஒவ்வொன்றாக வைதுகொண்டே இறங்கினார். பின்னால் முதலாளி. அம்மா சோபாவின் நடுவில் போய் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். காலை நீட்டி டீப்பாயின் மேல் வைத்தார்.

"ஊருக்கெல்லாம் சோபா செய்யறியே, நம்ம ஊட்ல இன்னா கீது சொல்லு" என்றார் முதலாளியைப் பார்த்து.

முதலாளி போய் நீலத் திரையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"சொல்ல மாட்டாரு, ரைட்டரே. நான் சொல்றேன். ஸ்கூல்ல கோணலா கீதுன்னு திருப்பி அனுப்பின பெஞ்சி ரெண்டு. என் தங்கச்சி புருசன் வந்தா அதுலதான் குந்துவாரு. இந்தப் பக்கம் நான் எழுந்தா அந்தப் பக்கம் அவரு வுழுந்துடுவாரு."

"வேற ஒண்ணு செஞ்சுத் தரேன்மே" என்றார் முதலாளி. "இது காட்டறதுக்குப் போட்டது."

"கண்ணாலம் ஆன நாள்லேருந்து செஞ்சுத் தரேன்னு சொல்ற. இதான் வேணும். இந்த டீப்பாயி, அந்த ஷோகேஸு, ரேடியோ மேச, கொயந்த நாற்காலி, அல்லாம். வண்டிய வரச் சொல்லு."

"நாளைக்கு…"

"நான் எழுந்துக்கறதா இல்ல." அவர் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ரைட்டரே, பில்லு போடு. ஓசில எடுத்துகினு போனேன்னு நாளைக்கே சொல்லிக் காட்டுவாரு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன். ஆவணி முடிய இன்னும் நேரம் இருந்தது. எழுதினேன். என் வாழ்க்கையிலேயே மிக அழகான கையெழுத்து அது. கட்டை வண்டி வந்தது. அம்மா எழுந்து வழிவிட்ட பிறகுதான் ஆட்கள் சோபாவைத் தொட்டார்கள். ஒவ்வொன்றாகப் படியேறிப் போயிற்று. கடைசியில் நீலத் திரையையும், "இது நல்லா கீதே" என்று அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார் அம்மா. வெற்றிலைக் கறையோடு தென்னந்தோப்பு மட்டும் மிஞ்சியது.

முதலாளி வாக்குத் தவறாதவர். வண்டி தெரு முனை திரும்பியதும், "படியேறிப் போச்சு. இன்னொருத்தனா இருந்தா என் பொண்டாட்டி வாங்கினது சேத்தி இல்லன்னு சொல்லுவான். நான் சொல்ல மாட்டேன். நீதான் மேனேஜரு" என்றார். ரயில் ஏறினேன். ஜன்னலோர இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் புரட்டாசி. காலையில் நான் கடைக்குள் நுழைந்தபோது செங்குன்றத்து மண்டிக்காரர் வந்திருந்தார். ஆவணி முடிந்ததே, தகவல் என்ன என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். எதற்கும் இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கொள்கிறேன் என்று படியிறங்கினார். பின்னாலேயே முதலாளியும் நானும் இறங்கினோம். சுண்ணாம்பு அடித்து, பெருக்கித் துடைத்து, மூலைக்கு மூலை விளக்குப் போட்டு, பள்ளம் காலியாக இருந்தது.

மண்டிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "இன்னா நைனா, எனுக்கோசரம் இவ்ளோ பண்ணி வெச்சுக்கீறீங்க. காத்துக்கு பேன் வேற."

முதலாளி காலி அறையைப் பார்த்தார். இன்னொரு செட்டு செய்து முடிக்க ஆசாரிக்கு எத்தனை நாள் ஆகும் என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. புரட்டாசியில் யார் சோபா வாங்குவார்கள் என்று யோசிப்பதும் தெரிந்தது.

"முதலாளி, வித்துட்டேனே" என்றேன்.

"அதான் மேனேஜர் ஆக்கிட்டேனே" என்றார். "அதுல மாத்தம் இல்ல."

மத்தியானமே மூட்டைகள் இறங்க ஆரம்பித்தன. முதலாளி என் மேசையையும் கீழே கொண்டுவந்து போடச் சொன்னார், மேனேஜர் மேலே ரைட்டரோடு உட்கார்ந்தால் நன்றாக இருக்காதாம். மேலே ரைட்டர் யாரும் இல்லை என்பதால் அந்த வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு சந்து மாதிரி விட்டு, அதன் கடைசியில் என் மேசை. சம்பளம் பழையபடி. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் பள்ளத்துத் தரையில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி வைப்பது யார் பொறுப்பு என்று மண்டிக்காரரின் ஆட்கள் வந்து கேட்டார்கள். முதலாளி மேலேயிருந்து, "கீழ மேனேஜர் கீறாரு, அவர கேளு" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன்.